புழுவுக்குக் கட்டுச்சோறு

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வேலையை விட்டுப் போகிறவர் நாலு வார்த்தை எழுதி வைத்துவிட்டுப் போவது நம் கொட்டகையின் வழக்கம் என்று வசந்தா அக்கா சொல்கிறார். இதுவரை இங்கிருந்து யாருமே போனதில்லை. ஆகவே இந்த வழக்கம் நேற்று சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் பிறந்திருக்க வேண்டும். இப்படி எழுதுகிறவர்கள் பொதுவாகத் தலை நரைத்தவர்களாக இருப்பார்கள். எனக்கு மீசையே போன வருஷம்தான் ஒழுங்காக வந்தது. சந்தவாசல் பக்கம் புதிதாகத் திறக்கும் உரக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்புகிறார்கள். ஆனாலும் ஆரணியைப் பொறுத்தவரை நான் ஓய்வுபெற்றவன். அந்த மரியாதையோடு படியுங்கள்.

மண்புழு உரம் எப்படிச் செய்வது என்று இதில் எழுதப் போவதில்லை. அதை வசந்தா அக்கா சொல்லிக் கொடுப்பார். அவர் சொன்னது காதில் ஏறாவிட்டால் நாற்றம் சொல்லிக் கொடுக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தாவரவியல் பட்டத்தோடு இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று, தறிக்கூலியான என் அப்பா கேட்டது ஒரே கேள்வி: "டேய், இத்தினி வருசம் படிச்சதெல்லாம் புழுவுக்குச் சாணி கரைச்சி ஊத்தறதுக்கா?" அம்மா கெட்டிக்காரி. தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், "எம்புள்ள ஆயிரம் பேர வச்சி வேல வாங்கறான்" என்று சொல்லிவிட்டார். அது பொய்யில்லை. ஒரு தொட்டியிலேயே ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஒருத்தரும் லீவு கேட்டதில்லை.

இப்போது நயினார் வீட்டு மாடிக்கு வாருங்கள்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நம் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெரியவர்களை நயினார் என்போம். நான் சொல்லும் நயினார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவர் மகள் பத்மா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள். வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் மொட்டை மாடியில்தான் இருப்பாள். கத்தரி, கொத்தவரை, செம்பருத்தி, மல்லி என்று மாடி முழுக்கத் தொட்டிகள். மண்ணுக்குள் விளையும் கிழங்கு மட்டும் கிடையாது. அதைப் பிடுங்கினால் கூடவே எத்தனை சின்ன உயிர் போகும் என்பது அவர்கள் கணக்கு. நம்மிடம் உரம் வாங்குவதில் அவர்களுக்குத் தயக்கம் இல்லையா என்று நான் ஒருமுறை கேட்டேன். நயினார் சிரித்தார். "நீங்க அதுங்களுக்கு மூனு வேளையும் சோறு போட்டு, நெழல்ல வச்சிகினு இருக்கீங்க. எங்க ஸ்கூல்லகூட அவ்ளோ நல்லா பாத்துக்கல."

போன மாசி மாதம் பத்மாவைப் பெண் பார்க்கப் பெரணமல்லூரிலிருந்து வருவதாக ஏற்பாடு. அதற்குள் எல்லாத் தொட்டிக்கும் புது மண்கலவை போட வேண்டும் என்று பத்மாவுக்கு ஆசை. கலவை தெரிந்தவள் அவள். நாலு பங்கில் ஒரு பங்குதான் உரம், மீதி செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும். உங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தொட்டி நிறைய வெறும் உரத்தையே நிரப்பிவிட்டு, செடி கருகிவிட்டது என்று சண்டைக்கு வருவார்கள். வெறும் ஊறுகாயைத் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டால் வயிறு என்ன ஆகும் என்று அவர்களிடம் கேளுங்கள்.

உரத்துக்கு போன் செய்தது பத்மாவின் அம்மா. வசந்தா அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"வசந்தா, எங்க வீட்டு வழக்கம் ஒனக்குத் தெரியும் இல்ல? ஒரு புழுவுக்கும் ஒரு கேடும் வரக் கூடாது. பாத்து அனுப்பு."

"கவலையே படாதீங்கம்மா. எம்புள்ளைங்க மாதிரி பாத்துக்கறேன்."

வழக்கமாக நாம் புழுக்களை அடுத்த தொட்டிக்கு ஆசை காட்டி வரவழைத்துவிட்டு, மீதி உரத்தைச் சல்லடையில் போட்டுச் சலித்து மூட்டை கட்டுவோம். அக்கா சல்லடையை எடுத்தார். யோசித்தார். திரும்ப ஆணியில் மாட்டிவிட்டார்.

"சலிச்சா ஒன்னு ரெண்டாவது மாட்டி நசுங்கும். நயினார் வீட்டுக்கு அப்படிச் செய்யக் கூடாது. அப்படியே அனுப்பிடலாம்."

அவருக்கு அது எவ்வளவு நியாயமாகப் பட்டதோ அவ்வளவு நியாயமாக எனக்கும் பட்டது. படித்த படிப்பு அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தது. ஆசை காட்டி வரவழைக்க நாள் பிடிக்கும் என்று அதையும் விட்டுவிட்டு, சலிக்காத உரத்தை, புழுக்களோடு, மூட்டை மூட்டையாகக் கட்டினோம். வெயில் தாக்காமல் இருக்க ஒவ்வொரு மூட்டையிலும் ஈரச் சாக்குத் துண்டு. அதன் மேல் அக்கா வாழைப்பழத் தோலை வைத்தார்.

"இது எதுக்குக்கா?"

"வழியில பசிக்காது? கட்டுச்சோறு."

மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றி, டிரைவரிடம் பள்ளம் மேடு பார்த்து ஓட்டச் சொல்லி அனுப்பினோம். புழுவே வரக் கூடாது என்ற அர்த்தத்தில் 'பாத்து அனுப்பு' என்று சொன்ன வீட்டுக்கு, புழுக்களைப் பட்டுச் சேலைப் பெட்டி போலப் பத்திரமாகக் கட்டி அனுப்பிய கொட்டகை ஆரணியில் நம்முடையது மட்டுமாகத்தான் இருக்கும்.

பெண் பார்க்கும் நாள் மத்தியானம் பத்மாவின் போன் வந்தது.

"அண்ணா, மூட்டையில வாழைப்பழத் தோல் இருக்குது."

"ஆமாம்மா."

"தோல் மேல புழு இருக்குது. ஒன்னு ரெண்டு இல்லண்ணா. கல்யாண வீடு மாதிரி இருக்குது."

நான் சைக்கிளை மிதித்த வேகத்துக்குச் செயின் கழன்றிருக்க வேண்டும். ஏனோ கழலவில்லை.

மாடியேறிப் பார்த்தால், தார்ப்பாயின் மேல் எல்லா மூட்டையும் கொட்டியாகிவிட்டது. பக்கத்தில் செம்மண் தயாராக இருந்தது. மம்பட்டியால் வெட்டிக் கலக்கப் போகும் நேரத்தில்தான் பத்மாவின் கண்ணில் பட்டிருக்கிறது. நயினார் உரக் குவியலுக்குக் குடை பிடித்துக்கொண்டு, தன் தலை வெயிலில் காய நின்றிருந்தார். அவர் மனைவி பாயசக் கரண்டியால் ஒவ்வொரு புழுவாக எடுத்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மாடியில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி கௌரி அக்கா. பட்டு நெசவு அவர் குடும்பத் தொழில். அவர் வீட்டில் தறிச் சத்தம் நின்றிருந்தது. இதைப் பார்ப்பதை விட்டுவிட்டு யார் நெய்வார்கள்?

"வாப்பா, படிச்சவரே!" என்றார் கௌரி அக்கா. "மழ பேஞ்சா மண்புழு மேல வருமில்ல? நாலு கொடம் தண்ணி ஊத்து, எல்லாம் வெளிய வந்துடும்."

"ஊத்தினா சேறாயிடும்க்கா. உள்ள இருக்கறதுக்கு மூச்சு முட்டிப் போவும்."

"திரும்ப அள்ளிக் கட்டி எடுத்துகினு போயிடேன்" என்றார் பத்மாவின் அம்மா. சொன்ன அடுத்த நொடி அவரே, "வேணாம் வேணாம், மம்பட்டி பட்டா வெட்டுப்பட்டுடும்" என்றார்.

பத்மா என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். சத்தத்தைக் குறைத்துப் பேசினாள். முகம் சிவந்திருந்தது. "அண்ணா, எனக்கு அவர புடிச்சிருக்குது. போன்ல பேசிட்டோம். அவங்கம்மாதான் இன்னும் சரின்னு சொல்லல. ரொம்ப ஸ்ட்ரிக்டு. இப்ப அப்பா இன்னாடான்னா, இதுங்க எல்லாம் பத்திரமா போற வரைக்கும் சாப்பாட்டுல கைய வைக்க மாட்டேன்னிட்டாரு. வீட்டுக்காரர் சாப்பிடாம வந்தவங்க எப்படிச் சாப்பிடுவாங்க? பொழுது போச்சின்னா யாரும் சாப்பிட மாட்டாங்க, எங்க வழக்கம் அது. பொண்ணு பாக்க வந்தவங்கள பட்டினி போட்ட வீடுன்னு ஆயிடும். எதாவது பண்ணுங்கண்ணா."

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். நாலு பேர் நாலு பக்கமும் ஜல்தி ஜல்தி என்பார்கள். கை தானாகக் குவியலுக்குள் போகப் பார்க்கும். போக விடாதீர்கள். அவசரக் கை கிளறக் கிளற, புழு இன்னும் கலந்து போகும். யாருக்கு எது பிடிக்காது என்று மட்டும் யோசியுங்கள். புழுவுக்கு வெளிச்சம் பிடிக்காது. வெளிச்சம் பட்டால் உள்ளே, அடியில், இருட்டுக்கு ஓடும். நாம் துரத்த வேண்டியதில்லை. வெளிச்சம் துரத்தும்.

"ஐயா, குடைய மடக்குங்க" என்றேன்.

"வெயில்ல செத்துடும்பா!"

"சும்மா பரப்பி வச்சாத்தாங்க காயும். கூம்பு கூம்பா குவிச்சா அதுங்க உள்ள போயி நெழல் தேடிக்கும். மேல இருக்கற உரத்த மட்டும் கையால வழிச்சிக்கலாம். அப்பறம் கொஞ்ச நேரம் விட்டா இன்னும் கீழ போவும். திரும்ப வழிக்கலாம். கடைசியில அடியில எல்லாம் ஒரே உருண்டையா கெடைக்கும்."

உள்ளங்கைகளால் மெல்ல ஒதுக்கி, தார்ப்பாய் முழுக்கக் கூம்பு கூம்பாகக் குவித்தோம். பிள்ளையார் சதுர்த்திக்கு யாரோ மொத்த ஊருக்கும் கறுப்புக் கொழுக்கட்டை பிடித்து வைத்ததுபோல் இருந்தது. பிறகு எல்லோரையும் சுவரோரம் உட்காரச் சொன்னேன்.

"இப்ப இன்னா பண்ணணும்?" என்றார் நயினார்.

"ஒன்னும் பண்ணக் கூடாதுங்க."

"சும்மா குந்திகினு இருந்தா எப்படிப்பா?"

"சும்மா இருக்கறதுதாங்க வேல."

வாழ்நாளெல்லாம் பிள்ளைகளைச் சும்மா இருக்காதே என்று அதட்டியவர் அவர். பாவம், நெளிந்தார். கௌரி அக்காவுக்கு ஒரே கொண்டாட்டம். "பாத்தியா பத்மா! நாங்க புழு நூத்த நூல நெய்யறோம். இவங்க புழு போட்ட உரத்த விக்கறாங்க. ஊரே புழுவாலதான் சாப்புடுது. நீ ஒருத்திதான் பட்டும் கட்ட மாட்ட, புழுவையும் விட மாட்ட." நயினார் வீடுகள் எல்லாவற்றிலும் அப்படி இல்லை. பட்டுப் புழுவை நினைத்துப் பட்டு கட்டாதவள் அந்த வீட்டில் பத்மா மட்டும்தான். அன்றைக்கும் பச்சை நூல் புடவைதான். அதன் முந்தானை முழுக்க உரம்.

முதல் தடவை வழித்தோம். காத்திருந்தோம். இரண்டாம் தடவை வழித்தோம். கூம்புகள் குட்டையாகிக்கொண்டே வந்தன. எல்லாம் ஒழுங்காகப் போனது. அதனால்தான் கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். யாருக்கும் எழுந்து கீழே போகக் கால் வரவில்லை. மாடிப்படியில் முதலில் ஏறி வந்தவர் மாப்பிள்ளையின் அம்மா. அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை தரணேந்திரன், இஸ்திரி போட்ட சட்டையில், பயத்தோடு.

அந்த அம்மா எங்களைப் பார்த்தார். கூம்புகளைப் பார்த்தார். நயினாரின் முழங்கை வரை இருந்த கறுப்பைப் பார்த்தார்.

"இன்னா நடக்குது இங்க?"

நயினார் சொன்னார். மறைக்காமல், கட்டுச்சோறு உட்பட எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாவின் முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. குனிந்து ஒரு கூம்பை உற்றுப் பார்த்தார்.

"கையில எடுக்கறீங்களா, கரண்டியிலயா?"

"கையிலதாங்கம்மா" என்றேன். "கரண்டி கீறிடும்."

அவர் முந்தானையை இழுத்துச் செருகினார். "தரணி, செருப்ப கழட்டிட்டு வந்து குந்து."

மாப்பிள்ளை உட்கார்ந்த இடம் பத்மாவுக்கு எதிர்க் கூம்பு. தற்செயல் என்றுதான் இன்றுவரை இருவரும் சாதிக்கிறார்கள்.

அப்போதுதான் அடுத்த பேஜார். வெயில் சாய்ந்து, தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு வரிசைக் கூம்புகள் மேல் ஏறியது. நிழல் பட்டதும் உள்ளே போனவை மேலே எட்டிப் பார்க்க ஆரம்பித்தன. "ஐயோ, திரும்ப வருதுங்க!" என்றான் மாப்பிள்ளை. அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே அதுதான். ஆளுக்கொரு செல்போன் டார்ச்சை அடித்தோம். அந்தச் சாயங்கால வெளிச்சத்தில் அது எடுபடவே இல்லை. திடீரென்று கண் கூசும்படி ஒரு பெரிய சதுர வெளிச்சம் கூம்புகள் மேல் வந்து விழுந்தது. திரும்பினால், பக்கத்து மாடியில் கௌரி அக்கா, சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றித் தூக்கி வந்து, மேற்கு வெயிலை வாங்கி எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாக்கறீங்க? ஜல்தி! கை வலிக்குது!"

ஆனால் சூரியன் எங்களுக்காக நிற்குமா? வானம் மஞ்சளாகிவிட்டது. கீழே சமையல் எல்லாம் ஆறிக்கொண்டிருந்தது. வழித்தால் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் பொழுது போய்விடும். பத்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எந்தப் பரீட்சை ஹாலிலும் நான் பார்த்ததில்லை.

சட்டென்று ஒன்று உறைத்தது. புழு கீழே போவதற்கும் வெயில் வேண்டும். இவர்கள் சாப்பிடுவதற்கும் வெயில் வேண்டும். இரண்டும் ஒரே வெயில். அது கடைசிவரை இருக்கிற இடம் இந்த மாடிதான். காத்திருக்கும் நேரத்தில் எங்களுக்கு வேறு வேலையும் இல்லை.

"ஐயா, நாம கீழ போக வேணாம். சோறு மேல வரட்டும்."

நயினார் தயங்கினார். "இதுங்க இங்க தவிச்சிகினு இருக்கும்போது நான் எப்படி..."

"தவிக்கலங்க. அதுங்க வீட்டுக்குப் போய்கினு இருக்குதுங்க. நாம வழிய விட்டுட்டு குந்தியிருக்கோம். அவ்ளோதான்."

அவர் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "சரியாத்தான சொல்றான். எல போடுங்க."

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சாம்பார் வாளி படியேறுகிறது. வாழையிலை பறக்கிறது, அதன் மேல் செங்கல் வைக்கிறார்கள். எல்லோரும் கை கழுவிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து, எதிரில் உரக் கூம்புகளைப் பார்த்தபடி சாப்பிடுகிறார்கள். பக்கத்து மாடியில் கௌரி அக்கா, "எனக்கு யாராவது ஒரு வடையாவது ஊட்டுங்கடி, ரெண்டு கையும் கண்ணாடியில இருக்குது!" என்று கத்துகிறார். பத்மா வடையோடு கைப்பிடிச் சுவருக்கு ஓடுகிறாள். நயினார் முதல் கவளத்தை எடுத்து, கூம்புகளை ஒருமுறை பார்த்து, வாயில் வைத்தார். அம்மாடி!

மோர் முடிந்ததும் கடைசி வழிப்பு. ஒவ்வொரு கூம்பின் அடியிலும் சிவப்பு நூல்கண்டு போல ஒரே உருண்டை. ஈரச் சாக்கு விரித்த கூடையில் எல்லாவற்றையும் இறக்கினோம். சூரியனின் விளிம்பு இன்னும் தெரிந்தது.

"எல்லாம் வந்துடுச்சா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

தம்பிகளே, தங்கைகளே, அந்த நாளில் கஷ்டமான இடம் இதுதான். வந்துவிட்டது என்று சொன்னால் முடிந்தது. பத்மா தலையை லேசாக ஆட்டிக்கூடக் காட்டினாள், சொல்லுங்கள் என்பதுபோல. ஆனால் நம் சரக்கைப் பற்றி நமக்குத் தெரிந்தது நம்மை நம்பி வாங்குகிறவருக்கும் தெரிய வேண்டும்.

"கண்ணுக்குத் தெரியற புழு எல்லாம் வந்துடுச்சும்மா. முட்ட இருக்கும். கடுகு மாதிரி சின்னதா இருக்கும். அத நம்மால பிரிக்க முடியாது. தொட்டியில போட்டு, நெழல்ல வச்சி, ஈரம் காயாம பாத்துக்கினா, பொறந்து பொழச்சிக்கும். காய விட்டா போயிடும்."

கௌரி அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

அந்த அம்மா பத்மா பக்கம் திரும்பினார். "காயாம பாத்துப்பியா?"

"பாத்துப்பேங்க."

"எங்க வீட்டுல மாடி பெருசு. ஆனா நெழல் கம்மி. பந்தல் போடணும்." மகனிடம், "பந்தலுக்கு ஆள் பாரு" என்றார்.

கூட வந்திருந்த பெரியவர் ஒருவருக்கு விஷயமே புரியவில்லை. "பொண்ண வரச் சொல்லுங்க, பாத்துட்டுக் கெளம்பலாம்" என்றார்.

"இன்னாத்த வரச் சொல்றது?" என்றார் அந்த அம்மா. "இவ்ளோ நேரம் பக்கத்துல குந்திகினு புழு பொறுக்கனது யாரு?"

சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, கூடையோடு நான் ஆட்டோவில் ஏறியதும் நயினார் என் பக்கம் குனிந்தார். "போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணிடு. எல்லாரும் நல்லபடியா வந்துட்டாங்கன்னு." பண்ணினேன்.

அன்றிலிருந்து ஆர்டர் எடுக்கும்போது நானும் வசந்தா அக்காவும் கடைப்பிடிப்பது இது: அவர்கள் சொன்னதை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, இதுதானே கேட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டுவிடுவோம். 'பாத்து அனுப்பு' என்பதற்கு எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று பார்த்தீர்கள் அல்லவா? எங்கள் வீட்டில் யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாதபோது, வார்த்தை படித்தவர்களைக் குழப்பாது என்று நினைத்திருந்தேன். படித்தவர்களைத்தான் அது தேடி வந்து குழப்புகிறது. இதற்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது.

பங்குனியில் கல்யாணம் முடிந்து, பத்மா தன் தொட்டிகளோடு பெரணமல்லூருக்குப் போனாள். நாள் அதிகம் போகவில்லை. ஒரு காலை நான் சாணி கரைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். எதிர்ப் பக்கம் சிரிப்பும் மூச்சிரைப்பும்.

"அண்ணா! தொட்டில குட்டிப் பாப்பா!"

"அக்கா! பத்மாவுக்குக் கொழந்த! தொட்டில் போட்டாச்சாம்!" என்று கொட்டகையே அதிரக் கத்தினேன்.

சல்லடையும் கையுமாக ஓடி வந்த வசந்தா அக்கா பாதி வழியில் நின்றார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "கல்யாணம் பங்குனியிலதானடா ஆச்சி?"

போனில் பத்மா கத்தினாள். "ஐயோ அண்ணா! தொட்டில் இல்ல, தொட்டியில! கத்தரித் தொட்டியில! வெள்ள வெள்ளையா, பட்டு நூலு துண்டு மாதிரி, அத்தன குட்டிங்க! அத்ததான் மொதல்ல பாத்தாங்க. பந்தல் வேல இன்னும் முடியல, அதனால அவங்களே கொட புடிச்சிகினு நிக்கறாங்க. ஒரு நிமிசம்... அத்த ஒன்னு கேக்கறாங்க."

போன் கை மாறும் சத்தம். பிறகு அந்த ஸ்ட்ரிக்டான குரல்.

"ஏம்ப்பா, இதுங்களுக்குச் சாப்புட இன்னா குடுக்கறது?"

நான் போனை வசந்தா அக்காவிடம் நீட்டினேன்.